சீனாவில் பேராசிரியர் வேலை: ஒப்பந்தம் முடியும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

மே மாதக் கடைசி. சீனப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் வெளிநாட்டு ஆசிரியை ஒருவர் வீசாட்டில் துறைத் தலைவரைக் கேட்கிறார்: "அடுத்த ஆண்டு ஒப்பந்தம் என்ன ஆயிற்று?" உடனே பதில் வருகிறது: "பேசிக்கொண்டிருக்கிறோம், கவலைப்படாதீர்கள்." ஜூன் ஓடிவிடுகிறது. விடைத்தாள் திருத்தி மதிப்பெண்ணை ஏற்றி முடித்த வாரத்தில் அடுத்த செய்தி: "இந்த ஆண்டு இடம் குறைந்துவிட்டது. ஜூலை 31-க்குள் குடியிருப்பைக் காலி செய்துவிட முடியுமா?"

ஊரும் பெயரும் மாறும். நடப்பது பெரும்பாலும் இதுதான். பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் யுன்னான் மின்சு பல்கலைக்கழகத்திலும் தமிழே ஒரு பாடம். மருத்துவம், பொறியியல், மேலாண்மை கற்பிக்கவும் நம்மவர்கள் போகிறார்கள். அங்கே இருப்பவர்களும் போக நினைப்பவர்களும் ஒன்றை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பல்கலைக்கழகத்தின் விருப்பம். புதுப்பிக்காவிட்டால் உரிய தாள்களைக் கொடுத்து முறையாக விடுவிப்பது அதன் கடமை. பலர் முதலாவதுக்காகக் கெஞ்சிக்கொண்டே இருந்து இரண்டாவதைக் கோட்டை விடுகிறார்கள்.

ஒரே முடிச்சில் மூன்று தாள்கள்

வெளிநாட்டு ஆசிரியரின் சீன வாழ்க்கை மூன்று தாள்களில் நிற்கிறது: வேலை ஒப்பந்தம், பணி அனுமதி, கடவுச்சீட்டில் ஒட்டப்படும் வசிப்பு அனுமதி. ஒப்பந்தம் இருந்தால்தான் பணி அனுமதி; பணி அனுமதி இருந்தால்தான் வசிப்பு அனுமதி. மூன்றிலும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. அதனால் வேலை போனால் கூடவே நாட்டில் தங்கும் தகுதியும் ஆட்டம் காண்கிறது.

முன்பு 'வெளிநாட்டு நிபுணர்' என்றும் 'வெளிநாட்டுத் தொழிலாளர்' என்றும் தனித்தனியாக இருந்த அனுமதிகள் 2017 ஏப்ரல் 1 முதல் ஒன்றாக்கப்பட்டு ஏ, பி, சி என மூன்று வகையாயின. பல ஆசிரியர்கள் பி வகையில் வருகிறார்கள். இந்த வகைக்குப் பொதுவாக 60 வயதுதான் வரம்பு. எனவே 58, 59 வயதில் இருப்பவர்கள் அடுத்த புதுப்பித்தலில் வயது குறுக்கே வருமா என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

இந்தத் தாள்களைக் கையாள்வது பல்கலைக்கழகத்தின் வெளியுறவு அலுவலகம். ஆசிரியர்கள் வாயில் அது 'வைபான்'. துறைத் தலைவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் விழ வேண்டிய பல்கலைக்கழகத்தின் சிவப்பு முத்திரை அவர் கையில் இல்லை. அந்த முத்திரை விழாதவரை எந்த வாக்குறுதியும் பேச்சாகவே நிற்கும்.

எது உரிமை, எது எதிர்பார்ப்பு?

2008-இல் நடைமுறைக்கு வந்த சீனத் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டப்படி, அடுத்தடுத்து இரண்டு ஒப்பந்தங்களை முடித்த தொழிலாளி காலவரையற்ற ஒப்பந்தம் கேட்கலாம். இதைப் படித்துவிட்டு "நான் ஆறாவது ஆண்டில் இருக்கிறேன், எனக்கும் உண்டல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் வெளிநாட்டவர் வேலைவாய்ப்பு பற்றிய 1996-ஆம் ஆண்டு விதிகள் குறுக்கே நிற்கின்றன: வெளிநாட்டவரின் ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளைத் தாண்டக்கூடாது, காலம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். ஆக, நிரந்தரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அதே விதிகள் சிலவற்றை உறுதியாகத் தருகின்றன. குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம், விடுப்பு, பணியிடப் பாதுகாப்பு, சமூகக் காப்பீடு ஆகியவற்றில் வெளிநாட்டவருக்கும் சீனச் சட்டமே பொருந்தும்.

இழப்பீட்டில்தான் சிக்கல். ஒப்பந்தம் முடிந்து, பழைய நிபந்தனைகளிலோ அதைவிட நல்ல நிபந்தனைகளிலோ தொடர நிறுவனம் முன்வராவிட்டால், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும் என்கிறது தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம். மாதம் 9,000 யுவான் வாங்கியவருக்கு மூன்று ஆண்டுக்கு 27,000 யுவான். ஆனால் இது வெளிநாட்டவருக்கும் உண்டா என்பதை நகரத்துக்கு நகரம் வேறு மாதிரி பார்க்கிறார்கள். ஷாங்காயில், மேலே சொன்ன அடிப்படை உரிமைகளைத் தாண்டிய எல்லாவற்றுக்கும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே செல்லும் என்ற அணுகுமுறை நீண்ட காலமாக இருக்கிறது. அங்கே ஒப்பந்தத்தில் இழப்பீடு பற்றி ஒரு வரி இல்லையென்றால் கேட்பது கடினம். கையெழுத்துப் போடும் நாளிலேயே அந்த வரியைக் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தத்தைவிட அதன் பின்னிணைப்பைக் கூர்ந்து படியுங்கள். சம்பளம் பத்து மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? ஜூலை, ஆகஸ்ட் பணம் யாருடையது? விமானக் கட்டணம் எப்போது கிடைக்கும்? வாரத்துக்கு எத்தனை வகுப்பு, அதற்கு மேல் போனால் என்ன தொகை? புதுப்பிக்கும் விருப்பத்தை எத்தனை நாளுக்கு முன்பு தெரிவிக்க வேண்டும்? இடையில் விலகினால் அபராதம் உண்டா? பல ஒப்பந்தங்களில் சீன மொழி வாசகத்துக்கே முன்னுரிமை என்று எழுதியிருக்கும். ஆங்கில வாசகத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்திடாமல், சீனம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாட்காட்டியைப் பின்னோக்கிப் படியுங்கள்

வசிப்பு அனுமதியை நீட்டிக்க, அது காலாவதியாவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பணி அனுமதி நீட்டிப்புக்கும் அதே 30 நாள். ஜூலை 31 கடைசி நாள் என்றால் ஜூலை 1-க்குள் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். அதற்கு மே மாதமே புது ஒப்பந்தம் கையில் வேண்டும். எனவே கேள்வியை மார்ச்சிலேயே கேளுங்கள், அதுவும் மின்னஞ்சலில். "ஏப்ரல் 15-க்குள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்" என்ற ஒரு மரியாதையான வரி போதும். முகத்தை முறிக்காமல் ஒரு தேதியையும் பதிவு செய்தாகிவிட்டது.

கடவுச்சீட்டு முடியும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி வசிப்பு அனுமதி தரமாட்டார்கள்.

மறுத்துவிட்டால்

உடனே கேட்க வேண்டியது பணி விடுவிப்புச் சான்றிதழ். சீனத்தில் 'லீஜ்ர் ஜெங்மிங்'. ஒப்பந்தம் முடியும்போது இதைத் தர வேண்டும் என்று தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்கிறது. தராமல் நஷ்டம் ஏற்படுத்தினால் 89-ஆம் பிரிவின்படி நிறுவனம் ஈடு செய்ய வேண்டும். பணி அனுமதியை ரத்து செய்து அதற்கான தாளையும் பல்கலைக்கழகம் பெற்றுத் தர வேண்டும். இந்த இரண்டும் இருந்து, வசிப்பு அனுமதியும் உயிரோடு இருந்தால், அதே வகை வேலைக்கு நாட்டை விட்டு வெளியேறாமலே வேறு கல்லூரிக்கு மாற வழியுண்டு. இவை இல்லாமல் புது இடத்தில் எவ்வளவு விருப்பம் காட்டினாலும் விண்ணப்பம் நகராது.

இத்துடன் சமூகக் காப்பீட்டையும் மறக்காதீர்கள். 2011 அக்டோபர் 15 முதல் வெளிநாட்டவரும் இதில் சேர வேண்டும். சீனாவை விட்டே போவதானால், ஓய்வூதியத்தில் உங்கள் தனிக் கணக்கில் சேர்ந்த தொகையை விண்ணப்பித்து மொத்தமாகப் பெறலாம். கிளம்பும் அவசரத்தில் பலர் விட்டுவிட்டு வருவது இந்தப் பணத்தைத்தான்.

சம்பளப் பாக்கி, சான்றிதழ் மறுப்பு போன்றவற்றுக்கு முதலில் வைபானிடம் எழுத்தில் முறையிடுங்கள். பயனில்லையென்றால் உள்ளூர்த் தொழிலாளர் தகராறு நடுவர் ஆணையம். கட்டணம் கிடையாது. உரிமை மீறப்பட்டது தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். 45 நாளில் தீர்ப்பு, தேவைப்பட்டால் இன்னும் 15 நாள். அதை ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். ஆணையத்தைத் தாண்டி நேராக நீதிமன்றம் போக முடியாது. தொழிலாளர் விவகாரங்களுக்கு 12333, குடிவரவுக் கேள்விகளுக்கு 12367 என்ற எண்களை அழைக்கலாம். முறையான பணி அனுமதி இல்லாமல் வேலை செய்தவரின் தொழிலாளர் உறவை நீதிமன்றம் அங்கீகரிக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

செய்யவே கூடாதவை

புது வேலை கிடைக்கும்வரை பக்கத்துப் பயிற்சி மையத்தில் இரண்டு வகுப்பு எடுக்கலாமே என்று தோன்றும். அனுமதியில் உள்ள நிறுவனத்தைத் தவிர வேறெங்கு வேலை செய்தாலும் அது சட்டவிரோதம். 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். கடுமையான நிலையில் 5 முதல் 15 நாள் காவலும் சேரும். வசிப்பு அனுமதி முடிந்த பிறகும் தங்கினால் தண்டனை எச்சரிக்கையில் தொடங்கும். நிலைமை கடுமையானால் நாளுக்கு 500 யுவான், 10,000 வரை அபராதமோ 5 முதல் 15 நாள் காவலோ வரும். கிளம்ப நேரம் போதாதென்றால், காலாவதிக்கு முன்பே காவல் துறையின் குடிவரவுப் பிரிவுக்குப் போய்த் தற்காலிகத் தங்கல் அனுமதி கேளுங்கள்.

தொடக்கத்தில் பார்த்த ஆசிரியைக்கு ஜூன் கடைசியில் கையில் இருந்தவை சில வீசாட் செய்திகளும் காலி செய்ய வேண்டிய ஒரு வீடும்தான். மார்ச்சில் அனுப்பிய மின்னஞ்சல், முத்திரை பதித்த ஒப்பந்தம், வங்கியில் ஏறிய சம்பளப் பதிவு, விடுவிப்புச் சான்றிதழ், பணி அனுமதி ரத்துத் தாள் என்று ஐந்தும் ஒரு கோப்பில் இருந்திருந்தால் வேலை அப்போதும் போயிருக்கும்தான். ஆனால் செப்டம்பரில் வேறொரு வகுப்பறைக்குள் நுழைய அந்தக் கோப்பே போதுமாக இருந்திருக்கும்.