திடலையும் பார்த்துச் சேருங்கள்



எஸ்.பி.எம். முடிவு வந்ததும் நம் லயங்களுக்குக் கல்லூரி ஆட்கள் வந்துவிடுகிறார்கள். கையில் வழுவழுப்பான தாள், வாயில் கடன் வாங்கித் தரும் பேச்சு. எங்கே கையெழுத்துப் போடணும் என்றுதான் நாம் கேட்கிறோம். "திடல் எங்கே இருக்கு?" என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

"பந்து விளையாடினா சோறு கிடைக்குமா?" என்று பெரட்டுக் களத்தில் பெரியவர்கள் சொல்வது நமக்கும் தெரியும். டாக்டர் எம். ஜெகதீசன் மருத்துவப் படிப்பையும் ஓட்டத்தையும் சேர்த்தே நடத்தினார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் அவருக்கு மூன்று தங்கம். 1968ல் அவர் 200 மீட்டரில் வைத்த தேசிய சாதனையை முறியடிக்க 2017 ஆனது! நம் நெகிரி செம்பிலானுக்கு ஆடிய எஸ். குணாளன், 2010ல் கே. ராஜகோபால் பயிற்சியில் சுசுகி கிண்ணம் வென்ற தேசியக் குழுவில் இருந்தார்.

சரி, எல்லாப் பிள்ளையும் ஜெகதீசன் ஆகாது. சோற்றுக் கணக்கே பேசுவோம். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடும்போது நூறு புள்ளியில் 90 பாடத்துக்கு, 10 புறப்பாடத்துக்கு. விளையாட்டு, சீருடை இயக்கம், கழகம் எல்லாம் அந்தப் பத்துக்குள் அடக்கம். அரைப் புள்ளியில் இடம் தவறிய வீட்டில் போய்க் கேளுங்கள், பத்து என்றால் என்னவென்று சொல்வார்கள்.

இந்தப் பத்தை நம் பிள்ளைங்க எங்கே விடுகிறார்கள்? பஸ்ஸில் விடுகிறார்கள். இடைநிலைப்பள்ளியில் பயிற்சி சாயங்காலம். பகாவ், லிங்கி பக்கத் தோட்டத்துப் பிள்ளைக்கோ, பள்ளி விட்டதும் கிளம்பும் வண்டியை விட்டால் வேறு வண்டி இல்லை. பயிற்சிக்கு நிற்க முடியாமல் வந்துவிடுகிறான். 'சோம்பேறி' என்று பெயர் வாங்குகிறான். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், இருட்டின பிறகு செம்பனைக் காட்டு வழியே எந்தத் தாய் அனுப்புவாள்?

ஆகவே படிவம் ஒன்றுக்குச் சேர்க்கும்போதே கேளுங்கள்: பயிற்சி முடிந்து திரும்ப வண்டி உண்டா? அஸ்ராமாவில் இடம் உண்டா? நாலைந்து வீடு சேர்ந்தால் வேன் பிடிக்கலாம். தோட்ட வண்டியைக் கேட்பதென்றால் கிளைத் தலைவர் மூலம் நிர்வாகியிடம் பேசலாம்.

பட்டணத்துப் பள்ளியில் நம் பிள்ளை முதல் நாள் தனியாகத்தான் நிற்கும். சிவப்பு இல்லமோ நீல இல்லமோ, ஓர் இல்லத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தின பிள்ளைக்கு மலாய்க்காரப் பையனும் சீனப் பையனும் கூட்டாளி ஆகிவிடுகிறார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பிள்ளை படிவம் மூன்றோடு நின்றுவிடுவது குறைவு. இது நாம் வீடு வீடாகப் போய்ப் பார்த்தது.

கல்லூரி என்றாலும் இதே சங்கதிதான். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த நீலாயில் இன்று கல்லூரிகள். போர்ட்டிக்சனில் 1990லிருந்து அரசாங்கப் பாலிடெக்னிக் இருக்கிறது. கடைவீட்டு மாடியில் நடக்கும் கல்லூரியும் உண்டு! எதுவானாலும் சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். திடலில் லாலாங் வளர்ந்திருக்கிறதா, பிள்ளைங்க ஓடுகிறார்களா? தாளில் உள்ள படத்தை நம்பவேண்டாம்.

ஓட்டத்தில் சூட்டிகையான ஆறாம் ஆண்டுப் பிள்ளை இருந்தால், 1996ல் திறந்த புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியின் தேர்வு பற்றி ஆசிரியரிடம் இப்போதே விசாரியுங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது எத்தனை பிள்ளை, எந்தப் பள்ளி, எந்த நாள் பயிற்சி என்று எழுதிக்கொண்டு வாருங்கள். வேன் கணக்கை அங்கேயே போட்டுவிடலாம்.