பூசணம் பிடித்த தீவனமும் இரத்தத்தை உறையவிடாத மருந்தும்

மாட்டின் உடலில் முள் குத்தினாலும் கம்பி கீறினாலும் சிறிது இரத்தம் கசிந்து, சற்று நேரத்தில் உறைந்து, காயம் தானே மூடிக்கொள்ளும். இதைக் குடியானவர்கள் யாவரும் அறிவர். அவ்வாறு உறைதல் நிகழாதுபோனால் ஓர் அற்பக் கீறலும் உயிரைக் கொண்டுபோய்விடும். 1920ஆம் ஆண்டையடுத்த வருஷங்களில் கானடா தேசத்திலும், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட மாகாணங்களிலும் இவ்விபரீதம் மெய்யாகவே நேர்ந்தது. கொம்பு நீக்கப்பட்ட மாடுகளும், காயடிக்கப்பட்ட காளைக் கன்றுகளும் இரத்தப்பெருக்கு நில்லாமல் மாண்டன. காயமே படாத மாடுகளுக்குங்கூடத் தோலின்கீழ் இரத்தம் கட்டி, தொடையும் தோளும் வீங்கி, அவை எழுந்து நிற்கமாட்டாமல் விழுந்தன. தொத்துநோயோ என்று ஐயுற்று ஆராய்ந்தவர்களுக்கு அதற்குரிய கிருமி ஒன்றும் அகப்படவில்லை.

அப்பிரதேசங்களில் ‘இனிப்புக் குளோவர்’ என்னும் ஒரு தீவனச் செடி அக்காலத்தில் மிகுதியாகப் பயிரிடப்பட்டு வந்தது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி ஐரோப்பாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டதாகும். வட இந்தியாவில் ‘செஞ்சி’ என்ற பெயரால் தீவனமாக வழங்குவதும் இதன் இனமே. மெலிந்த நிலத்திலும் செழித்து வளர்ந்து, மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்ப்பதால் குடியானவர்கள் இதனை விரும்பினர். ஆயின் இதன் தண்டு தடித்தது, சாறு நிறைந்தது. அறுத்துப் போட்டால் எளிதில் உலராது. அறுவடைச் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால், போரிலே பூசணம் பூக்கும்.

கானடாவில் ஆண்டேரியோ கால்நடை வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த பிராங்க் ஷோபீல்டு என்பவர் இதைக் கவனித்து, மிக எளியதொரு பரீக்ஷை செய்தார். ஒரே போரிலிருந்து எடுத்த குளோவரில் நல்ல தண்டுகளையும் கெட்ட தண்டுகளையும் தனித்தனியே பிரித்து, இரண்டு முயல்களுக்குக் கொடுத்தார். நல்லதைத் தின்ற முயல் சுகமாக இருந்தது. கெட்டதைத் தின்றது இரத்தம் கசிந்து மாண்டது. குற்றம் செடியினுடையதன்று, பூசணம் பிடித்துக் கெட்டதனால் வந்ததென்று இதனால் வெளியாயிற்று. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, சரியான கேள்வி ஒன்றினாலேயே பெறப்பட்ட விடை இது. பின்னர் வட டகோடா மாகாணத்தில் லீ ராடரிக் என்பவர், நோயுற்ற மாடுகளின் இரத்தத்தில் ‘புரோத்ராம்பின்’ என்னும் உறைபொருள் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார். கெட்ட தீவனத்தை உடனே நிறுத்துவதும், நல்ல மாட்டின் இரத்தத்தை நோயுற்ற மாட்டுக்கு ஏற்றுவதுமே அப்போது தெரிந்த பரிகாரங்கள்.

ஆனால் காரணம் தெரிந்தமாத்திரத்தில் குடியானவரின் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. 1930ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் பொருளாதார மந்தம் வந்தது. விளைபொருளுக்கு விலையில்லை, வேறு தீவனம் வாங்கக் கையில் பணமில்லை. கெட்டதென்று அறிந்தும் போரில் இருப்பதையே மாட்டுக்குப் போடவேண்டிய நிலையில் பலர் இருந்தனர். 1933ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கடும் பனிப்புயலில், விஸ்கான்ஸின் மாகாணத்துக் குடியானவர் ஒருவர் தம் மோட்டார் வண்டியில் சுமார் 190 மைல் பிரயாணம் செய்து மாடிஸன் நகரை அடைந்தார். இறந்த கிடாரி ஒன்று, உறையாத இரத்தம் நிறைந்த பால்கேன் ஒன்று, கெட்டுப்போன குளோவர் சுமார் 100 பவுண்டு ஆகியவை அவருடைய வண்டியில் இருந்தன. அன்று சனிக்கிழமையாதலால் கால்நடை அதிகாரியின் காரியாலயம் மூடியிருந்தது. திறந்திருந்த கட்டிடம் ஒன்றைத் தேடிச் சென்றவர், சர்வகலாசாலையில் உயிர் இரசாயனப் பேராசிரியரான கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆராய்ச்சிசாலையை வந்தடைந்தார்.

லிங்க் அவருக்குச் சொல்லக்கூடியதாக இருந்ததெல்லாம் ஏற்கெனவே தெரிந்த இரண்டு பரிகாரங்களே. இறந்த கிடாரியும், உறையாத இரத்தமும், வேறு தீவனம் வாங்க வழியின்மையும் அவரை வாட்டிய அந்நாளில், சாஸ்திரம் அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான். அவருடைய நீண்ட பிரயாணத்தின் பலன் அவருக்குக் கிட்டவில்லை என்பதை மறைத்தற்கில்லை. இரத்தமும் குளோவரும் ஆராய்ச்சிசாலையில் தங்கின.

லிங்குக்கு இப்பயிர் முற்றிலும் புதிதன்று. அதே சர்வகலாசாலையில் பயிர்வகைகளை ஆராய்ந்துவந்த பிரிங்க், ஸ்மித் என்னும் இருவர், குளோவரின் கசப்பைக் குறைக்கும் முயற்சியில் சிறிது காலத்துக்கு முன்னரே அவருடைய உதவியை நாடியிருந்தனர். ‘கூமரின்’ என்னும் பொருளே அக்கசப்புக்குக் காரணம். புதிதாய் அறுத்த புல்லில் எழும் இனிய மணமும் அதனுடையதே. ஆயின் மாடுகளைக் கொன்ற பொருள் எது என்பதைக் கண்டுபிடிக்க, லிங்கும் அவருடைய மாணாக்கர்களும் ஆறாண்டுகளுக்கு மேல் உழைக்கவேண்டியதாயிற்று. தீவனத்திலிருந்து ஒவ்வொரு சத்தாகப் பிரித்தெடுத்து முயல்களுக்குக் கொடுத்து, அவற்றின் இரத்தம் உறைய எத்தனை நேரம் செல்கிறதென்று அளந்துகொண்டே வந்தனர். 1939ஆம் ஆண்டு ஜூன் மாதம் காம்ப்பெல் என்னும் மாணாக்கர் அப்பொருளைப் படிகமாகக் கண்டார். கிடைத்தது ஒரு சிட்டிகைகூட இல்லை. மறு ஆண்டில் அதன் அமைப்பும் தெளிவாயிற்று. நல்ல செடியிலுள்ள கூமரினால் இரத்தம் கெடுவதில்லை. பூசணம் அதனை மாற்றி, இரண்டிரண்டாகப் பிணைத்துவிடும்போது அது ‘டைகூமரால்’ என்னும் நஞ்சாகிறது. தீவனத்துக்கு நறுமணம் தந்த பொருளே பூசணத்தின் கையிற்பட்டு இரத்தத்துக்குப் பகையாயிற்று.

இரத்தம் உறையாமற்போவது நோயாயின், உறையக்கூடாத இடத்தில் உறைவதும் நோயே. காலின் நாளத்தில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்து உயிரைப் போக்குவதுண்டு. 1940ஆம் ஆண்டுவரை இதைத் தடுக்க வைத்தியர்களிடம் இருந்த மருந்து ‘ஹெப்பாரின்’ ஒன்றே. அதையும் ஊசி வழியாகவே செலுத்தவேண்டும். வாயால் உண்ணக்கூடிய டைகூமரால் 1941ஆம் ஆண்டுமுதல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. அளவு மீறினால் மாடுகளுக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேருமே என்ற அச்சம் நியாயமானதே. அதற்குரிய முறிமருந்து, வேறொரு தேசத்துக் கோழிக் குஞ்சுகளின் வழியாகக் கிடைத்தது. டென்மார்க்கு தேசத்தில் கோபன்ஹேகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹென்ரிக் டாம் என்பவர், கொழுப்பு நீக்கிய உணவை மட்டும் தின்ற குஞ்சுகளுக்கு இரத்தக்கசிவு உண்டாவதை 1929ஆம் ஆண்டளவில் கண்டார். குறைந்திருந்த சத்துக்கு 1935இல் அவர் ‘வைட்டமின் கே’ என்று பெயரிட்டார். கீரைகளிலும் குதிரைமசாலிலும் இச்சத்து மிகுதி. டைகூமரால் செய்த கேட்டை வைட்டமின் கே மாற்றிவிடும் என்பது லிங்கின் ஆராய்ச்சிசாலையிலே தெரியவந்தது.

1945ஆம் ஆண்டில் லிங்க் நோயுற்று ஓய்விலிருந்தபோது, எலிகளை ஒழிக்க மனிதர் கையாண்ட முறைகளைப்பற்றிப் படித்தார். விரைவில் வேலை செய்யும் நஞ்சை எலி சிறிது தின்று நோயுற்றால், பிறகு அவ்விரையைத் தீண்டாது. இரத்தத்தை உறையவிடாத நஞ்சோ சில நாட்கள் சென்றபின்னரே வேலை செய்யும். உடலில் முன்பே உள்ள உறைபொருள் தீரவேண்டுமன்றோ? ஆகவே எலி ஐயமின்றித் தின்றுகொண்டே வரும். டைகூமராலை ஒத்துச் செய்யப்பட்ட பொருள்களில் 42ஆம் எண்ணுடையது இதற்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்த விஸ்கான்ஸின் பழைய மாணவர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களைச் சேர்த்து அதற்கு ‘வார்பரின்’ என்று பெயர் வைத்தனர். 1948இல் அது எலிமருந்தாக வெளிவந்தது.

எலிக்கென்று செய்ததை மனிதருக்குக் கொடுக்க வைத்தியர்கள் தயங்கியது இயல்பே. 1951இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒருவர் உயிரை வெறுத்து இந்த எலிமருந்தை உண்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் வைட்டமின் கே கொடுக்கப்பட்டு அவர் முற்றிலும் குணமடைந்தார். இச்சம்பவம் தயக்கத்தைக் குறைத்தது. 1954இல் மனிதருக்கு உபயோகிக்க அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு மாரடைப்புற்ற அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கும் இதுவே அளிக்கப்பட்டது.

மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பது நெடுநாள் கழித்தே புலனாயிற்று. ஒருமுறை உபயோகமான வைட்டமின் கே சத்தைப் புதுப்பித்து மீண்டும் உபயோகத்துக்குக் கொண்டுவர உடலில் ஒரு நொதி உண்டு. அந்நொதியை வார்பரின் தடுக்கிறது. 2004ஆம் ஆண்டில் அந்நொதிக்குரிய மரபுக்கூறு கண்டறியப்பட்டபோது, இரண்டு பழைய புதிர்கள் ஒருங்கே விளங்கின. 1958இல் ஸ்காத்லாந்துப் பண்ணைகளில் வார்பரினைத் தின்றும் சாகாத எலிகள் காணப்பட்டன. மனிதரிலோ, ஒருவருக்குப் போதுமான அளவு மற்றொருவருக்கு அபாயமாக முடிவதை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். எலியின் எதிர்ப்புக்கும் மனிதரிடையேயுள்ள வேற்றுமைக்கும் அந்த ஒரே மரபுக்கூறில் காரணம் காணப்பட்டது.

இந்நாட்டுக் கிராமங்களிலும் இம்மருந்தை உண்போர் உளர். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இருதய வால்வு பழுதடைந்து, உலோக வால்வு பொருத்தப்பட்டவர்கள் ஆயுள் முழுவதும் வார்பரினையோ அதன் இன மருந்தையோ உண்ணவேண்டியவர்களாவர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட வால்வுக்கும் இது பொருந்தும். இவர்கள் கீரையை அடியோடு விலக்கவேண்டுவதில்லை. ஒரு வாரம் மிகுதியாகவும் மறுவாரம் இன்றியும் உண்ணாமல், ஒரே அளவாக உண்பதே வேண்டுவது. இரத்தம் உறையும் அளவை உரிய நாளில் பரிசோதித்துக்கொள்ளாமலும், வைத்தியரைக் கேளாமல் வேறு மருந்தோ நாட்டு மருந்தோ சேர்த்தும் வருபவர்களுக்கே பெரும்பாலும் துன்பம் நேர்கிறது.

குளோவரைப் பொறுத்தமட்டில், பிரிங்கும் ஸ்மித்தும் தொடங்கிய வழியில் கூமரின் குறைந்த வகைகள் பிற்காலத்தில் உருவாக்கப்பட்டன. ஏனைய வகைகளை நன்றாக உலர்த்தாமல் போரிட்டால் அபாயம் இன்றும் உண்டு.

எலிமருந்துகளைப்பற்றி ஒரு விஷயம் கிராமங்களில் யாவரும் அறிந்திருக்கவேண்டும். இப்போது நெல்வயல்களிலும் களஞ்சியங்களிலும் வைக்கப்படும் புரோமடையலோன் வார்பரினின் வழிவந்ததே; ஆனால் அதைவிட வீரியமுடையது, உடலில் நெடுநாள் தங்குவது. அதைத் தின்ற எலியைப் பிடித்துண்ணும் ஆந்தைக்கும் நஞ்சு செல்லுமாதலால், வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நட்டிருப்பவர்கள் செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்துவிடுதல் வேண்டும். குழந்தையோ நாயோ இம்மருந்தைத் தின்றுவிட்டால் முதல் இரண்டொரு நாள் எவ்விதக் குறியும் தென்படாது. அதனால் ஏமாந்துவிடாமல், உடனே குழந்தையை ஆஸ்பத்திரிக்கும் நாயைக் கால்நடை வைத்தியரிடமும் கொண்டுசெல்லவேண்டும். வைட்டமின் கே முறிமருந்தாகப் பயன்படுவது இவ்வினத்துக்கு மட்டுமே. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்கும் துத்தநாக பாஸ்பைடுக்கும் தனி முறிமருந்து கிடையாது. அவற்றைத் தின்றவருக்கு ஒவ்வொரு நாழிகையும் அருமையானது. ஆகையால் எந்த எலிமருந்தானாலும் அதன் உறையை அல்லது டப்பாவை எறிந்துவிடாமல் வைத்திருந்து, நோயாளியுடன் கூடவே வைத்தியரிடம் எடுத்துச்சென்று காட்டவேண்டும்.