இறால் போகும் வழி

விரல் நகத்தின் அகலம்கூட இல்லாத இறால் குஞ்சு ஒன்று எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் மிதக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். அது கழிக்குள் போயாக வேண்டும். அங்குள்ள சேற்றில்தான் அதற்குத் தீனியும் மறைவிடமும் உண்டு. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலு அதற்குக் கிடையாது. ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எப்படி? ஏற்றத்தில் கடல் உள்ளே தள்ளும்போது குஞ்சு தரையை விட்டு எழும்பி, ஓடும் தண்ணீரில் தன்னை விட்டுவிடுகிறது. வற்றம் தொடங்கியதும் அடியில் இறங்கி ஒட்டிக்கொள்கிறது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி எழும்புகிறது. தண்ணீரில் உப்பு கூடுவதும் அழுத்தம் மாறுவதும்தான் அதற்கு அடையாளம். சென்னைக் கடலில் பெரிய ஓதத்தின் உயரமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டரை நம்பித்தான் வெள்ளை இறாலின் வாழ்க்கை நடக்கிறது.

உள்ளே சில மாதங்கள் வளர்ந்து விரல் நீளம் வந்ததும் திரும்பும் பயணம். முட்டையிடக் கடல்தான் வேண்டும். இருட்டில், வற்றத்தோடு, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுக்கும் இரவுகளில் கூட்டமாக வெளியேறுகிறது. அந்த வழியில் கம்பு நட்டு வலை கட்டிக் காத்திருந்தால் போதும், இறால் தானாக வந்து விழும்.

சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. கழி முழுவதும் இறால் இருந்தாலும், அது வெளியேறும் ஓடைகள் சிலவே. முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம் ஒருவருக்கு நிரந்தரமாகக் கிடைத்தால் மற்றவர் பட்டினி. எல்லோரும் ஒரே இரவில் வலை கட்டினால், மேல் ஓடையில் கட்டியவர் அள்ளிய மிச்சம்தான் கீழே இருப்பவருக்கு. எவ்வளவு பிடிக்கலாம் என்று எடை போட்டு யாரும் காவல் காக்கவும் முடியாது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் என்பதை மட்டும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம்.

பழவேற்காட்டு ஏரி மீனவர்களும் எண்ணூர்க் கழியோர மீனவர்களும் இதற்குக் கண்ட வழிதான் பாடு. வலை கட்டும் இடங்கள் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் முறை வைத்துச் சுற்றிவரும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். முறை தவறி வலை கட்டினால் ஊர்க் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். கொச்சிக் கழிமுகத்திலும் இலங்கையின் நீர்கொழும்பிலும் இதே போன்ற ஏற்பாடுகள் உண்டு. துருக்கியின் அலன்யாவில் செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி இடம் பிரிப்பார்கள். பிறகு ஜனவரி வரை ஒவ்வொரு படகும் தினமும் ஓர் இடம் கிழக்கே நகரும், ஜனவரி முதல் மே வரை மேற்கே நகரும். மீன் கூட்டம் இடம்பெயர்வதை ஒட்டிய ஏற்பாடு அது. பொதுச் சொத்தை மக்கள் தாங்களே ஆள முடியும் என்று காட்டி 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், 1990-இல் வெளியான தன் நூலில் அலன்யாவை விரிவாகச் சொல்கிறார். முறை இருந்தும் வலைகளின் எண்ணிக்கை கட்டுமீறி நொடிந்துபோன தென்னிலங்கைக் கிராமம் ஒன்றையும் அதே நூலில் காட்டுகிறார்.

பாடு எல்லோருக்கும் நியாயம் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். பழவேற்காட்டில் அது பட்டினவர் சமூகத்து ஆண்களின் உரிமையாகவே இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போடும் இருளர் பெண்களுக்கு அந்த முறையில் இடமே இல்லை. உள்ளே இருப்பவர்களிடம் சமத்துவம், வெளியே இருப்பவர்களுக்குக் கதவடைப்பு. இதை மறைத்துவிட்டுப் பழமையைக் கொண்டாடுவது தவறு.

இப்படிப்பட்ட மரபு உரிமையை அரசே பதிவு செய்த இடமும் உண்டு. பசிபிக்கில் ஃபிஜித் தீவுகளின் கடற்கரையோரம் சுமார் 400 மரபு மீன்பிடிப் பரப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கோலிகோலி எனப்படும் இவற்றின் எல்லைகளும் உரிமைக் குழுக்களும் அரசுப் பதிவேட்டில் உள்ளன. தலைவர் இறந்தால் 100 இரவுகளுக்கு ஒரு பரப்பில் மீன் பிடிக்காமல் விடுவது அங்கே பழைய வழக்கம். 1997-இல் உதுனிவானுவா கிராமத்தார், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் துணையோடு, அந்த வழக்கத்தையே புதுப்பித்து 24 ஹெக்டேர் சேற்றுப் பரப்பை மூடிவைத்தார்கள். அருகிக்கொண்டிருந்த மட்டி உள்ளே பெருகியது. அதன் குஞ்சுகள் நீரோட்டத்தில் பரவியதால், மூடாத பக்கத்துப் பரப்பிலும் மட்டி பெருகியது. கும்புலாவ் பகுதி மக்கள் காக்கும் நமேனா பவளத்திட்டில் மூழ்கிப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் கட்டுகிறார்கள். அது பவளத்திட்டின் பராமரிப்புக்கும் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கும் போகிறது. பூநாரை பார்க்கப் பழவேற்காட்டுக்கு வண்டி வண்டியாகக் கூட்டம் வருகிறதே, அந்தப் பணத்திலும் ஏரியைக் காப்பவருக்கு இப்படி ஒரு பங்கு வேண்டும் என்பது என் ஆசை.

எண்ணூரின் காயம் வேறு வகை. இங்கே கழியைக் கெடுத்தது அதிகப்படியான மீன்பிடிப்பு அல்ல. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து ஓடைகள் மேடாகின. சூடான கழிவுநீர் கலந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து படிந்தது. போதாததற்குக் காக்கா ஆழி. மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இந்தச் சிப்பி, கப்பல்கள் சமநிலைக்காகச் சுமந்துவரும் நிலைப்பு நீரில் வந்திருக்கலாம். இதன் குஞ்சும் இறால் குஞ்சு வந்த அதே ஏற்றத்தில்தான் உள்ளே மிதந்து வருகிறது. ஆனால் படிந்த இடத்தில் பாய் விரித்ததுபோல் தரையை மூடிவிடுகிறது. பகலில் சேற்றில் புதைந்து மறையும் இறாலுக்குப் புதையச் சேறு கிடைப்பதில்லை. தடவிப் பிடிக்கும் கைகளை ஓடு கிழிக்கிறது.

இருப்பதைப் பங்கிடப் பாடு முறைக்குத் தெரியும். சாம்பலைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, ஏனென்றால் ஊருக்கு வெளியே அதற்குச் சட்டத் தகுதி இல்லை. 2011, 2019 ஆண்டுகளின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் மீன்பிடிப் பகுதிகளையும் மீன்கள் பெருகும் இடங்களையும் திட்ட வரைபடத்தில் குறிக்கச் சொல்கின்றன. எண்ணூர்க் கழியில் பாடு முறையில் வலை கட்டும் ஒவ்வொரு இடமும், கையால் தடவும் பெண்களின் துறைகளும் அதில் ஏற வேண்டும். சாம்பலை அள்ளி ஆழப்படுத்தும் வேலையை எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கும் அந்த வரைபடத்திலேயே பதில் கிடைக்கும்: வலை கட்டும் ஓடைகளில், முகத்துவாரத்திலிருந்து உள்நோக்கி.