பால் ஏன் நிற்கிறது?

மலாக்காவின் செங் பக்கம் இன்று போகிறவர்களின் கண்ணில் படுவது வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டையும்தான். ஆனால் அந்த வீடுகளில் அறுபதைத் தாண்டிய தமிழர் ஒருவரிடம் உட்கார்ந்து, "மரம் சீவியிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். தானே சீவியிருப்பார், இல்லையென்றால் அம்மாவுக்குத் துணையாகப் போய்ப் பால் ஏந்தும் மங்கு துடைத்திருப்பார். பேச்சு அங்கே தொடங்கினால் எளிதில் முடியாது.

இருட்டு விலகுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். நெற்றியில் விளக்கு, கையில் உளி. முதல் மரத்தடியில் நின்றதும் யாரும் உடனே சீவுவதில்லை. முந்தைய வெட்டின் ஓரமாக நாடா மாதிரி காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவதுதான் முதல் வேலை. பிறகே உளி பட்டையில் இறங்கும். இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சரிந்த கோட்டில், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவல் விழும். வெள்ளைப் பால் துளிர்த்து, கோடு வழியாக ஓடி, மங்கில் சொட்டும். இரண்டு மூன்று மணி நேரம் வடியும். அதன் பிறகு தானாக நின்றுவிடும்.

ஏன் நிற்கிறது? பால் தீர்ந்துபோனதாலா? இல்லை. பட்டைக்குள் ஓடும் குழாய்களில் பால் இன்னும் இருக்கிறது. மரம்தான் அதை நிறுத்துகிறது.

காயமும் அடைப்பும்

மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் 1925இல் தொடங்கப்பட்டது. பால் ஓடுவதும் நிற்பதும் எப்படி என்று அங்கே பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 1960களில் அக்கழகத்தின் சதர்ன் என்பவரும் அவருடைய சகாக்களும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு பால் குழாய்களின் வெட்டு வாயைப் பார்த்தார்கள். அங்கே குட்டிக் குட்டி அடைப்புகள் இருந்தன. அடைத்தது வெளியிலிருந்து வந்த பொருள் அல்ல. பாலே தன்னை அடைத்துக்கொண்டிருந்தது.

ரப்பர் பால் வெறும் ரப்பரும் தண்ணீரும் சேர்ந்த கலவை அல்ல. அதில் ரப்பர் துகள்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவற்றோடு 'லூட்டாய்டு' எனப்படும் மெல்லிய சவ்வுப் பைகளும் மிதக்கின்றன. அந்தப் பைகளுக்குள் புளிப்பான நீர், மெக்னீசியம், சில புரதங்கள். குழாய் முழுதாக இருக்கும்வரை பையும் துகளும் தொந்தரவில்லாமல் சேர்ந்து கிடக்கும். உளி பட்டதும் குழாயின் அழுத்தம் சரிகிறது, பால் வேகமாக வாயை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் பைகள் உடைகின்றன. உள்ளே இருந்தது வெளியே கலந்ததும் ரப்பர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, வாயை மூடிவிடுகின்றன.

நம் விரலில் கத்தி பட்டால் இரத்தம் வடிந்து, உறைந்து, பொருக்குத் தட்டுகிறதே, ஏறக்குறைய அதே கதை. அப்படியானால் விடியலில் உரித்துக் கூடையில் போட்ட ஒட்டுப்பால் என்ன? மரத்தின் பொருக்கு. தோட்டத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு பொருக்கை உரிப்பதில்தான் தொடங்கியிருக்கிறது.

எதிரியை எப்படி அடையாளம் காண்பது?

காயத்தை மூடினால் மட்டும் போதாது. திறந்த காயம் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் வாசல். அதனால் அந்தச் சவ்வுப் பைகளில் ஆயுதமும் உண்டு. அவற்றுள் மிகுதியாக இருப்பது 'ஹெவெய்ன்' என்ற சிறு புரதம். வெறும் 43 அமினோ அமிலங்கள் கோத்த சரம். 1960இல் ஆர்ச்சர் என்பவர் இதைப் பாலிலிருந்து பிரித்துப் படிகமாக்கினார். இது ரப்பர் துகள்களை ஒட்டவைத்து அடைப்புக்குத் துணை நிற்கிறது. கைட்டினைப் பற்றிக்கொள்ளும் குணமும் இதற்கு உண்டு. பூஞ்சைகளின் வளர்ச்சியை இது தடுக்கிறது என்று பின்னால் ஆய்வுகள் காட்டின.

கைட்டின் எது? பூஞ்சையின் செல்சுவரிலும் பூச்சியின் மேலோட்டிலும் இருக்கும் கடினமான பொருள். மரத்தின் உடம்பில் அது கிடையாது. ஆகவே கைட்டினைக் கண்டால் வந்திருப்பது அந்நியன் என்று மரம் முடிவு கட்டலாம். ஒவ்வொரு பூஞ்சையின் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முன்பு எப்போதோ அந்த நோய் கண்டிருக்க வேண்டியதுமில்லை.

இதைத்தான் அறிவியலில் பிறவி எதிர்ப்பாற்றல் என்கிறார்கள். அம்மை ஒரு முறை வந்தால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்வது கற்ற எதிர்ப்பாற்றல்; அது முதுகெலும்புள்ள விலங்குகளுக்கே வாய்த்தது. பிறவி எதிர்ப்பாற்றலோ மரத்துக்கும் உண்டு, புழுவுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. 1882இல் இத்தாலியின் மெசினா கடற்கரையில் இலியா மெச்னிகோஃப் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவிட்டுக் காத்திருந்தார். மறுநாள் அலையும் செல்கள் வந்து முள்ளைச் சூழ்ந்திருந்தன. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகு இந்தத் துறை நெடுங்காலம் பின்வரிசையில் கிடந்தது. கிருமி இனங்களுக்குப் பொதுவான சில அடையாளங்களை உடம்பு பிறவியிலேயே படிக்கத் தெரிந்துவைத்திருக்கிறது என்று சார்லஸ் ஜேன்வே 1989இல் வாதிட்டார். 1996இல் பழ ஈயில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவும், 1998இல் எலியில் புரூஸ் பாய்ட்லர் குழுவும் அதற்குச் சான்று காட்டின. அந்த இருவருக்கும் 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நம் கண்ணீரில் பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் இருக்கிறது. ரப்பர் பாலிலும் அதே வேலையைச் செய்யும் 'ஹெவமைன்' என்ற நொதி இருக்கிறது; அது கைட்டினையும் வெட்டும். மரத்தின் பாலும் மனிதனின் கண்ணீரும் ஒரே காவலைக் காக்கின்றன.

கடற்கரையில் ஓர் உறவினர்

மலாக்கா நீரிணையின் சேற்றுக் கரைகளில் பெலாங்காஸ் இருக்கிறது. தமிழில் குதிரைலாட நண்டு என்போம். உண்மையில் நண்டைவிடச் சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கிய சொந்தம். நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாக உருவம் பெரிதாக மாறாமல் வந்துகொண்டிருக்கும் பிராணி. அதன் இரத்தம் நீலம். கற்ற எதிர்ப்பாற்றல் துளியும் கிடையாது.

அதன் ஓட்டிலேயே கைட்டின் இருப்பதால் ரப்பர் மரத்தின் உபாயம் அதற்குச் சரிவராது. அது வேறோர் அடையாளத்தைப் படிக்கிறது: சில பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் 'எண்டோடாக்சின்' நஞ்சு. அந்த நஞ்சு பட்டதும் இரத்தம் கெட்டியாகிக் கிருமியைச் சிறைவைத்துவிடும். அமெரிக்கக் கடற்கரையில் பிரெடரிக் பாங் 1956இல் இதை எழுதினார். ஊசி மருந்துகளில் எண்டோடாக்சின் கலந்திருக்கிறதா என்று சோதிப்பதற்கு இந்தப் பிராணியின் இரத்தச் சாறு பின்னர் உலகெங்கும் பயன்படலாயிற்று. அதற்காகப் பிடித்து இரத்தம் எடுக்கப்படும் பிராணிகள் ஏராளம். இதற்கு மாற்று வழி பிறந்த இடம் நமக்கு அருகில்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங்கும் ஹோ பாவும், நம் கரைகளில் வாழும் இனத்திலிருந்து நஞ்சை உணரும் புரதத்தின் மரபணுவை எடுத்து, ஆய்வகத்திலேயே அந்தப் புரதத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். இரத்தம் எடுக்காமலே சோதனை நடத்த அது வழி திறந்தது.

காயத்தை நம்பி ஒரு தொழில்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் 1896இல் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். இந்த மண்ணில் ரப்பர் தோட்டத் தொழிலின் தொடக்கம் அது. அவருக்கு ஊக்கம் தந்தவர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. அமேசான் காட்டில் மரத்தைக் கோடாலியால் கொத்திப் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரிட்லி அதே காயத்தின் ஓரத்தை மெல்லிசாகத் திரும்பத் திரும்பச் சீவிப் பார்த்தார். முதல் சில வெட்டுகளில் கொஞ்சமாக வந்த பால், நாள் ஆக ஆகக் கூடியது. அதற்குக் 'காய மறுமொழி' என்று பெயரிட்டார்கள். காயம் பட்ட இடத்துக்கு மரம் கூடுதலாகப் பாலை ஆக்கி அனுப்புகிறது. தற்காப்பை மரம் முடுக்கிவிட்டதன் விளைவு அது. மலாயாவின் செல்வமும், அதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் கூலியும் அந்த மறுமொழியின் மேல் எழுந்தவை.

அடைப்பைத் தள்ளிப்போட முடிந்தால் பால் இன்னும் நெடுநேரம் ஓடும் அல்லவா? ஆய்வுக் கழகத்தின் ஆபிரகாம், வைச்சர்லி, பாக்கியநாதன் ஆகியோர் 1968இல் எத்திபான் என்ற மருந்தைப் பட்டையில் பூசிப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். அது பட்டைக்குள் எத்திலீன் வாயுவாக மாறும். காயம் பட்டால் மரமே தனக்குள் அனுப்பிக்கொள்ளும் அபாயச் செய்தியும் எத்திலீன்தான். மருந்து தடவிய மரத்தில் அடைப்பு தாமதமாக விழுந்தது, மங்கு நிரம்பியது.

ஆனால் மரம் கணக்கு வைத்திருக்கிறது. அடிக்கடி வெட்டி, மருந்தும் மிஞ்சினால், ஒரு நாள் கோடு நெடுகப் பால் வராது. பட்டை வறண்டுவிடும். காயத்துக்கு மறுமொழியாக எழும் ஆக்சிஜன் நச்சுகள் அளவு மீறிக் குழாய்க்குள்ளேயே பைகளை உடைத்துப் பாலை உறையவைக்கின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். எதிரியை அடிக்க எடுத்த ஆயுதம் சொந்த வீட்டைக் கொளுத்திவிடுகிறது.

அளவில் இருக்கிறது உயிர்

மனிதனுக்கும் இதே ஆபத்து உண்டு. பெலாங்காஸ் படிக்கும் அதே எண்டோடாக்சினை நம் உடம்பும் படிக்கிறது. பாய்ட்லர் 1998இல் கண்டது அந்த உணர்வியைத்தான். இரத்தத்தில் கிருமி பரவி உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் அபாயமணி அடித்தால் இரத்த அழுத்தம் விழும், நுண்ணிய நாளங்களில் இரத்தம் கட்டும், உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். செப்சிஸ் என்று மருத்துவமனையில் சொல்வது இதை. கிருமி செய்யும் கேட்டோடு உடம்பு தனக்கே செய்துகொள்ளும் கேடும் அங்கே சேர்ந்துகொள்கிறது.

அளவு தெரிந்த பிராணிக்கு எடுத்துக்காட்டு நமக்கு அருகிலேயே உண்டு. 1998, 99இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பரவிய நிப்பா காய்ச்சல் மலேசியாவில் 105 பேரைக் கொன்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அந்த வைரசைச் சுமந்து பறக்கும் பழந்தின்னி வௌவாலுக்கு ஒன்றும் ஆவதில்லை. 2018, 2019இல் வெளியான ஆய்வுகள் ஒரு காரணத்தைக் காட்டின: கிருமியை உணர்ந்து அழற்சியைக் கிளப்பும் சில புரதங்கள் வௌவாலில் தணிந்தே வேலை செய்கின்றன. எதிர்ப்பு இருக்கிறது, ஆனால் வெறி இல்லை.

மரத்தின் ஆயுதம், நம் தும்மல்

1980களில் எய்ட்ஸ் பயத்தால் மருத்துவமனைகளில் ரப்பர் கையுறைப் பயன்பாடு பெருகியது. அந்தக் கையுறைகளின் பெரும் உற்பத்தியாளர் மலேசியா. சில ஆண்டுகளில் தாதியர், மருத்துவர் பலருக்குத் தடிப்பும் தும்மலும் மூச்சுத் திணறலும் வந்தன. குற்றவாளிகளைத் தேடியபோது முன்வரிசையில் நின்றது ஹெவெய்ன். பூஞ்சையை எதிர்க்க மரம் வைத்திருந்த புரதத்தை, மனிதனின் கற்ற எதிர்ப்பாற்றல் பகையென்று தவறாகக் கற்றுக்கொண்டது. வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம் போன்றவற்றிலும் ஹெவெய்னை ஒத்த தற்காப்புப் புரதங்கள் உண்டு. அதனால் கையுறை ஒவ்வாத சிலருக்கு அந்தப் பழங்களும் ஒவ்வுவதில்லை. கையுறையை நன்கு அலசிப் புரதத்தைக் குறைத்தார்கள். புரதத்தைக் காற்றில் பரப்பிய பொடிபூசிய கையுறைகளை அமெரிக்கா 2017இல் தடை செய்தது. கையுறை போட்டால் அரிப்பும், வாழைப்பழம் தின்றால் வாய் நமைச்சலும் உங்களுக்கு இருந்தால், அறுவைச் சிகிச்சைக்கோ பல் மருத்துவரிடமோ போகும்போது முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுபடி தோட்டத்துக்கு வருவோம். பட்டையின் உள்விளிம்பில், மரத்தைத் தொடுமுன் ஒரு மில்லிமீட்டர் அளவு மிச்சம் விட்டுச் சீவ வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். உளி அதைத் தாண்டி மரத்தைக் குத்தினால் கங்காணியிடம் ஏச்சு வாங்க வேண்டும். அந்த இடத்தில் புதுப் பட்டை முடிச்சுமுடிச்சாகத்தான் வளரும். எவ்வளவு வெட்டினால் மரம் மறுமொழி சொல்லும், எவ்வளவு வெட்டினால் நொடிந்துபோகும் என்ற அந்தக் கணக்கு நம் பெற்றோரின் கைகளில் இருந்தது. ஆய்வகங்கள் செப்சிசிலும் வௌவாலிலும் இன்று தேடிக்கொண்டிருப்பதும் அதே கணக்கைத்தான்.

உங்கள் பிள்ளை அறிவியல் பாடத்தில் நோய் எதிர்ப்பாற்றலைப் படிக்கும்போது, வீட்டில் மரம் சீவிய பாட்டி இருந்தால் அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஒட்டுப்பால் என்றால் என்ன, அதை ஏன் முதலில் உரிக்க வேண்டும் என்று பாட்டி சொல்வார். பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.