எண்ணெயிற் கலந்த நீர்

நெடுந்தீவுக்கு அப்பால் வலை விரிக்கச் சென்ற கண்ணாடியிழைப் படகொன்றின் இயந்திரம் நள்ளிரவில் இருமித் தடுமாறி நின்றுவிடுகிறது. படகில் உள்ளது அந்த ஓர் இயந்திரமே. துடுப்பு இருந்தாலும் வாடைக்காற்றை எதிர்த்து எவ்வளவு நேரம் வலிக்க முடியும்? இலங்கையும் இந்தியாவும் 1974ஆம் ஆண்டிலும் 1976ஆம் ஆண்டிலும் உடன்பட்டு வகுத்த கடலெல்லை அங்கிருந்து அதிக தொலைவில் இல்லை. காற்றும் நீரோட்டமும் அவ்வெல்லையை அறியா; அதைக் கடந்துவிட்ட படகிலுள்ளோருக்கோ விளக்கமறியல் வரை துன்பம் நீளக்கூடும். பின்னர் கரையில் இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்குமிடத்து, குற்றவாளியாக வெளிப்படுவது சிலவேளைகளில் ஒரு தேக்கரண்டி நீரே.

இந்நீர் எண்ணெய்க் கலத்தினுள் எவ்வாறு புகுகின்றது? கலத்தின் மூடியிலுள்ள காற்றுத் திருகு வழியாகக் கடற்றிவலை இறங்குகின்றது. மூடியின் றப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் மழைநீரும் கசிகின்றது. இவை கண்ணுக்குத் தெரியும் வழிகள். அரைவாசி வெறுமையாகக் கிடக்கும் கலத்தினுள் இரவுக் குளிரிலே காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிவது எவர் கண்ணிலும் படுவதில்லை. நீர் எண்ணெயிலும் பாரமானது. ஆகவே அடியிற் சென்று தங்குகின்றது. இயந்திரத்துக்குச் செல்லும் குழாயும் அடியிலிருந்தே உறிஞ்சுகின்றது. கடல் அமைதியாயிருக்கும்வரை தீங்கில்லை. அலை எழுந்து படகு குலுங்கும்போதே நீர் கலங்கிக் குழாயினுள் ஏறும். இயந்திரம் மிகவும் தேவைப்படும் வேளையில் அது நின்றுபோவதற்குக் காரணம் இதுவே.

இலங்கையின் சிறு படகுகளிற் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மண்ணெண்ணெய் பெற்றோலைவிடச் சற்றுப் பாரமானது, தடிப்பும் கூடியது. அதனால் அதிற் சிதறிய நீர்த்துளிகள் பெற்றோலிற் போல விரைவாக அடியில் இறங்குவதில்லை. துறைக்குக் கொண்டுவந்த கலனை உடனே கவிழ்த்து ஊற்றுவதிலும் பார்க்க, ஓரிரவு அசையாது வைத்து, அடியிலுள்ள இரண்டு விரற்கடை எண்ணெயை ஒதுக்கிவிடுவது நன்று. ஆனால் 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்ததைக் கண்டவர்களிடம் அடி எண்ணெயை விட்டுவிடும்படி கூறுவது எளிதன்று. ஒதுக்கியதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றித் தெளியவிட்டால், நீர் அடியிற் கோடு பிரித்து நிற்பது தெரியும், மேலுள்ளதை மீட்டுக்கொள்ளலாம்.

இயந்திரம் நிற்பதோடு தீங்கு முடிவதில்லை. உப்புநீர் காபரேற்றரின் நுண்துளைகளில் வெள்ளைப் பொருக்காகப் படிந்து அவற்றை அடைக்கின்றது. இரண்டடி இயந்திரத்தில் எரிபொருளுடன் கலந்த எண்ணெயே போல்பெயாரிங்குகளுக்கும் மசகு. நீர் புகுந்தால் அம்மசகு கழுவப்பட்டு உருக்கில் துரு ஏறும்.

இதற்குத் தடையாக அமைவதே நீர்பிரிக்கும் வடிகட்டி. கடைகளிற் சிறு விலைக்கு விற்கப்படும் பிளாஸ்ரிக் குழாய் வடிகட்டியை இதுவென்று மயங்கலாகாது. அது தூசைத் தடுக்கும், நீரைத் தடுக்காது. நீர்பிரிப்பானின் உள்ளே மடித்து அடுக்கப்பட்ட தாள் நீரை ஏற்காதவாறு பதப்படுத்தப்பட்டிருக்கும். சிறு துளிகள் அங்கு ஒன்றுகூடிப் பெருந்துளியாகிக் கீழுள்ள கிண்ணத்தில் விழ, எண்ணெய் மட்டும் மேலே செல்லும். எண்ணெயோடு கரைந்தேவிட்ட நீரை இதனாலும் பிரிக்க இயலாது. எதனோல் கலந்த பெற்றோலில் இக்குறை பெரிது. மண்ணெண்ணெயிற் கரையும் நீரோ மிகச் சொற்பம்.

தெரிவு செய்யும்போது விற்பனையாளர் முதலிற் கூறுவது மைக்கிரோன் கணக்கு. ஒரு மைக்கிரோன் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெளியிணைப்பு இயந்திரங்களுக்குப் 10 மைக்கிரோன் வடிகட்டியே பொதுவாக ஏற்றது. டீசலுக்கென ஆக்கப்பட்ட 2 மைக்கிரோன் வடிகட்டி நுண்மையானது எனினும், விரைவில் அடைத்து இயந்திரத்தைப் பட்டினி போடும். அடுத்தது ஓட்டத்தின் அளவு. 40 குதிரைவலு இயந்திரம் முழுவேகத்திலும் மணிக்கு ஏறக்குறைய 15 லீற்றரே குடிக்கும். சாதாரண நீர்பிரிப்பான் இதனிலும் பன்மடங்கு விடும். எனவே பெரிய எண்ணைக் கண்டு அதிக பணம் கொடுக்க வேண்டியதில்லை. குழாயின் உள்விட்டத்துக்கு இணைப்பு முனை பொருந்துகிறதா என்பதே முக்கியம்.

உண்மையில் தெரிவைத் தீர்மானிக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, கிண்ணம் ஒளி ஊடுருவுவதாகவும் அடியில் திறப்பு உடையதாகவும் இருத்தல். நீர் சேர்ந்ததைக் காணமுடியாத வடிகட்டி நிரம்பிய பின்னர் நீரையே இயந்திரத்துக்கு அனுப்பும். மற்றது, மாற்றுத் தாளுறை அருகிலுள்ள கடையிற் கிடைத்தல். கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டிய சிறந்த வடிகட்டியைவிடப் பருத்தித்துறையிலேயே வாங்கக்கூடிய நடுத்தர வடிகட்டி மேலானது. தாளுறையை நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொது விதி. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடும் படகுக்கு அது மூன்று கிழமைக்கும் குறைவு. அவ்வளவு செலவு இயலாதவர் நாள்தோறும் கிண்ணத்து நீரைத் திறந்துவிட்டு, முழுவேகத்தில் இயந்திரம் தளர்ந்து மெதுவோட்டத்தில் மட்டும் சீராக ஓடத் தொடங்கியதும் தாளுறை அடைத்துவிட்டதா என்று முதலிற் பார்க்கலாம்.

பொருத்துமிடத்தை வலை சிக்காததாகவும் கை எட்டுவதாகவும் தெரிந்து, கிண்ணத்தின் கீழே ஒரு போத்தல் வைக்க இடம் விடவேண்டும். பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் இயந்திரமாயின், மாற்றுத் திறப்புக்கு முன்பாக மண்ணெண்ணெய்க் குழாயிலேயே அது அமைதல் நலம். திறப்புக்குப் பின் அமைந்தால் வடிகட்டியில் தேங்கிய மண்ணெண்ணெய் முழுவதும் எரிந்து தீரும்வரை பெற்றோல் இயந்திரத்தை அடையாது. மறுநாள் காலை கயிறு இழுத்துக் கை சலித்துப் போகும். திருகு முனைகளில் வெள்ளை நாடாவைச் சுற்றுவது பலர் வழக்கம். அதன் இழை கிழிந்து காபரேற்றரை அடைக்கக்கூடுமாதலால், எரிபொருளுக்கு ஏற்ற பசையைப் பூசுவதே தகும். தாளுறையின் றப்பர் வளையத்தில் சிறிது எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்கி, கை றப்பர்ப் பந்தைக் கடினமாகும்வரை அழுத்திக் கசிவு பார்த்தல் வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் எண்ணெய் வெளியே சொட்டாமல் காற்றே உள்ளே புகும். மாற்றுத் தாளுறை ஒன்று, பொலித்தீனில் சுற்றி, எப்போதும் படகிலேயே இருக்கட்டும்.