கடைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற லினக்ஸ் எது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பித்தலை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், ஏறத்தாழ 2017-க்கு முந்தைய கம்ப்யூட்டர்களை அது ஏற்பதில்லை. நம் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பவை பலவும் அந்தக் காலத்தவைதாம். "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்று சொல்ல விற்பவருக்கு வாய் வலிக்காது. பணம் கட்டுவது நாம் அல்லவா? நல்ல நிலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு இன்னும் சில ஆண்டுகள் வேலை வாங்கலாம். ஆனால் லினக்ஸ் என்று கேட்டால் நூறு பெயர் சொல்கிறார்களே, எதை எடுப்பது என்றுதான் உறுப்பினர்கள் கேட்கிறார்கள்.

பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய மூல நிரல்தான் லினக்ஸ். அதை நெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நெல்லை ஒரு மில் பச்சரிசியாகவும் இன்னொரு மில் புழுங்கலாகவும் அரைத்துத் தங்கள் மார்க்கா போட்ட மூட்டையில் அனுப்புவதுபோல, டெபியன் (1993), உபுண்டு (2004), லினக்ஸ் மின்ட் (2006) என்று பல மார்க்காக்கள் வந்திருக்கின்றன. இவற்றை டிஸ்ட்ரிபியூஷன் என்பார்கள். டெபியனிலிருந்து உபுண்டு, உபுண்டுவிலிருந்து மின்ட். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. இவை எதற்கும் விலை கிடையாது.

மார்க்காவைத் தேடுவதற்கு முன், அந்தக் கம்ப்யூட்டரில் என்ன வேலை நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கணக்கு டேலியில் இருந்தால், டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. 'வைன்' என்ற துணை நிரலை வைத்து ஓட்டிக் காட்டுவோர் உண்டு. மார்ச் முடிவில் கணக்கு முடிக்கிற நேரத்தில் அது மக்கர் செய்தால் யாரைக் கேட்பது? எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கணக்கு ஓடும் ஒரு கம்ப்யூட்டரை மட்டும் விண்டோஸ் 11-க்கு மாற்றிவிட்டு, விலைப்பட்டியல், கடிதம், இணைய வேலை பார்க்கும் மற்றவற்றில் லினக்ஸ் போடுவதே புத்திசாலித்தனம். ஜி.எஸ்.டி. தளமும் இ-வே பில்லும் பயர்பாக்ஸ் அல்லது குரோமில் திறப்பவை. அவற்றுக்கு லினக்ஸே போதும். எக்ஸெல் மேக்ரோ வைத்த ஆப்லைன் படிவங்கள் மட்டும் லிப்ரே ஆபீஸில் ஒழுங்காக வேலை செய்யாது. பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் கீபோர்டு போலவே செயல்படுவதால் தொல்லை இல்லை. பில் பிரிண்டரைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்தது கம்ப்யூட்டரின் தெம்பு. விண்டோஸ் பொத்தானையும் 'பாஸ்' பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ரேம் எவ்வளவு, 64 பிட்டா 32 பிட்டா என்பது தெரியும். 8 ஜி.பி. இருந்தால் உபுண்டுவோ மின்ட் சின்னமனோ எதுவும் ஓடும். 4 ஜி.பி. என்றால் மின்ட்டின் எக்ஸ்.எப்.சி.இ. பதிப்பு அல்லது சுபுண்டு. 2 ஜி.பி. மட்டும் இருந்தால் லுபுண்டு போன்ற இலேசானவை ஏறும். ஆனால் இன்றைய இணையப் பக்கங்கள் இரண்டைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அது மார்க்காவின் குற்றமன்று. செலவைப் பார்க்காமல் ரேம் கூட்டி, பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் கிடைக்கிற வேகம் எந்த லினக்ஸை மாற்றினாலும் கிடைக்காது. 32 பிட் கம்ப்யூட்டர் என்றால் வழி குறுகிவிட்டது. 2025-இல் வந்த டெபியன் 13-இல் அதற்கான நிறுவல் வட்டே இல்லை. டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை கவனிப்பு உண்டு. அதற்குமேல் செலவு செய்ய வேண்டாம்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் புதுப்புது மார்க்கா சொல்வார்கள். பெடோரா நல்ல சரக்குதான். ஆனால் ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதமே ஆதரவு. ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டிருக்கக் கடைக்காரருக்கு ஏது நேரம்? 2024-இல் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. இடது கீழ்மூலையில் மெனு இருப்பதால் விண்டோஸில் பழகிய குமாஸ்தாவும் தடுமாற மாட்டார். எங்கள் ஓட்டு அதற்கே. இருந்தாலும், கூப்பிட்டால் அரைமணியில் வரக்கூடிய உங்கள் ஊர் சர்வீஸ் பையனுக்கு உபுண்டுதான் கைவந்தது என்றால் உபுண்டுவையே போடுங்கள்.

குத்தூசி போட்டுப் பாராமல் நாம் மூட்டை எடுப்பதில்லை. இதற்கும் அந்த வசதி இருக்கிறது. 'ரூபஸ்' என்ற இலவச நிரலால் லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கலாம். நிறுவச் சொல்லாதவரை டிஸ்கில் உள்ளது கலையாது. அந்நிலையிலேயே பிரிண்டர், ஸ்கேனர், வைபை, தமிழ் எழுத்து எல்லாவற்றையும் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் கிடைக்கிறது.

நிறுவும்போது "டிஸ்கை அழித்து நிறுவு" என்று ஒரு வரி வரும். அவசரத்தில் அதை அழுத்தினால் பல வருடக் கணக்கும் போய்விடும். ஆகையால் புது எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸ் போட்டு, பழைய டிஸ்கைக் கழற்றித் தேதி எழுதி பீரோவில் வைப்பதே மேல். ஆண்டு ரிட்டனின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். நோட்டீஸ் வந்தால் அந்த டிஸ்கை மாட்டினால் போதும், பழைய கணக்கு அப்படியே திறக்கும். டிஸ்கும் ஒருநாள் பழுதாகக் கூடியதே என்பதால், கணக்கின் நகல் ஒன்றை ஆடிட்டரிடமும் கொடுத்து வையுங்கள்.