பூனைகளும் ஒவ்வாமை மருந்துகளும்

அளவிற் சிறிய உயிருக்கு மருந்தும் அளவிற் சிறிதாயின் போதும் என்பது பலருடைய எண்ணம். வீட்டில் வளரும் பூனை ஓயாது சொறிவதையோ, உரோமம் உதிர்ந்து தோல் சிவந்திருப்பதையோ காணும் ஒருவர், தமக்கென வாங்கி வைத்த குளிசையிற் காற்பங்கை உடைத்து அதன் வாயில் இடுவது இவ்வெண்ணத்தின் பாற்பட்டதே. ஒரு மருந்தாயின் இதனால் தீங்கு விளையாதிருக்கலாம். மற்றொரு மருந்தாயின் அப்பூனை இறத்தலுங் கூடும். இவ்வேறுபாடு எதனால் உண்டாகின்றது என்பதை அறிதல் பூனை வளர்ப்போர் யாவர்க்கும் வேண்டற்பாலது.

ஒவ்வாமை என்பது யாது? உடலைக் காத்தற்கென அமைந்த ஆற்றல், தீங்கற்ற பொருளையும் பகையெனக் கொண்டு எழுவதே ஒவ்வாமையாம். இதனைக் குறிக்கும் மேலைநாட்டுச் சொல்லை 1906 ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் வொன் பிர்கே வகுத்தார். இவ்வெழுச்சியின்போது உடற்கலங்கள் சிலவற்றிலிருந்து வெளிப்படும் இஸ்தமின் என்னும் பொருளே அரிப்பையும் வீக்கத்தையும் பெரிதும் உண்டாக்குகின்றது. இஸ்தமினின் செயலைத் தடுக்கும் மருந்து 1937 இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்ரர் நிறுவகத்தில் டானியல் பொவே முதலானோரால் முதன்முதற் காணப்பட்டது. பொவே 1957 இல் மருத்துவத்துக்குரிய நோபல் பரிசைப் பெற்றார்.

மனிதரிடத்து ஒவ்வாமை தும்மலாகவும் கண்ணீராகவும் தோன்றுவது வழக்கம். பூனையிடத்தோ அது பெரும்பாலுந் தோலிலேயே புலப்படும். முதுகிற் கடுகு போன்ற சிறு பொருக்குகள் தோன்றுதல், வயிற்றுப்புறத்தை இடையறாது நக்கி உரோமத்தை இழத்தல், கழுத்தையும் முகத்தையும் புண்படச் சொறிதல், உதட்டிற் புண் உண்டாதல் என்பன அதன் அறிகுறிகளாம். தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீர், உணவிலுள்ள புரதம், வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகள், மகரந்தம் ஆகியன முக்கிய காரணங்கள். இவற்றுள் தெள்ளே தலைமையானது. காரணத்தை நீக்காது மருந்தை மட்டும் ஊட்டுதல் ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதை ஒக்கும். எனினும் தெள்ளை ஒழிக்க முயல்வோர், நாய்களுக்கென விற்கப்படும் பேர்மெத்திரின் கலந்த மருந்தைப் பூனைமீது இடலாகாது. நாய் தாங்கும் அம்மருந்து பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கிக் கொல்லவல்லது.

நாய்க்கும் மனிதருக்கும் இயல்வது பூனைக்கு இயலாமைக்குப் பெருங் காரணம் அதன் ஈரலில் உள்ளது. உடலிற் புகும் மருந்துகள் பலவற்றை ஈரல் குளுக்குரோனிக்கமிலத்தோடு இணைத்து, நீரிற் கரையச் செய்து வெளியேற்றுகின்றது. இவ்வினைக்கு உதவும் நொதியங்களுள் ஒன்றை ஆக்கும் பரம்பரையலகு பூனையிற் பழுதுற்றுச் செயலிழந்து கிடக்கின்றது. பூனைக் குடும்பத்துப் பிற விலங்குகளிலும் இந்நிலையே காணப்படுகின்றது. ஊனையே உண்டு வாழ்ந்த இக்குலத்துக்குத் தாவரங்களிலுள்ள நச்சுப் பொருள்களை முறிக்கும் தேவை குறைந்தமையால் அந்நொதியம் வழக்கொழிந்தது என்பர் ஆய்வாளர்.

இதன் விளைவை ஓர் எளிய கணக்காற் காட்டலாம். பனடோல் என்று நம்மவர் வீடுதோறும் வைத்திருக்கும் பரசிற்றமோலில் ஒரு குளிசை 500 மில்லிகிராம் ஆகும். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் இரண்டு குளிசை உட்கொள்வாராயின், கிலோகிராம் ஒன்றுக்கு 20 மில்லிகிராம் ஆகின்றது. இவ்விகிதப்படி 4 கிலோகிராம் நிறையுள்ள பூனைக்கு 80 மில்லிகிராம், அதாவது ஒரு குளிசையில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு, கொடுக்கலாமெனத் தோன்றும். ஆனால், கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே பூனைகள் நஞ்சுற்றமை அறியப்பட்டுள்ளது. முறிக்கப்படாத மருந்து ஈமோகுளோபினை ஒட்சியேற்றி, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் கெடுக்கின்றது. முரசு கபில நிறமோ நீல நிறமோ அடையும். முகமும் பாதங்களும் வீங்கும். காலந் தாழ்த்தாது மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றாலன்றி உயிர் பிழைத்தல் அரிது.

இனிச் செற்றிரிசினை நோக்குக. வளர்ந்த மனிதருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வழங்கப்படும். நிறைக் கணக்கின்படி பூனைக்கு 1 மில்லிகிராமும் வேண்டியதில்லை. எனினும் மிருக வைத்தியர்கள் வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். ஆகவே விகிதக் கணக்கு ஒரு மருந்தில் உயிரை மாய்க்கின்றது. மற்றொன்றிற் பயனற்ற சிற்றளவைக் காட்டுகின்றது. ஒவ்வொரு மருந்துக்கும் பூனைக்குரிய அளவு தனித்தனியே அறியப்படல் வேண்டும்.

குளோர்பெனிரமினும் பூனைகளுக்கு வழங்கப்படுவதுண்டு. இத்தகைய மருந்துகளால் மயக்கமான தூக்கம் வரலாம்; சில பூனைகள் மாறாகக் கிளர்ச்சியுறுதலும் உண்டு. சிறுநீரகமோ ஈரலோ நோயுற்ற பூனை, கருவுற்ற பூனை, குட்டி ஆகியவற்றுக்கு வைத்தியரின் சொல்லின்றி இவற்றைக் கொடுத்தலாகாது. தடிமனுக்கென விற்கப்படும் கலவைக் குளிசைகளையும் பாணி மருந்துகளையும் முற்றாக விலக்குக. இஸ்தமினைத் தடுக்கும் மருந்தோடு பரசிற்றமோலும், மூக்கடைப்பை நீக்கும் சூடோஎபெதிரினும் அவற்றிற் கலந்திருத்தல் கூடும். இரண்டும் பூனைக்கு நஞ்சு. பெட்டியின் முகப்பிலுள்ள பெயரைவிட, அடங்கியுள்ள பொருள்களின் பட்டியலையே படித்தல் வேண்டும்.

மருந்தைக் கொடுக்கும் முறையும் அறியத்தக்கது. பூனையைத் துவாயினாற் சுற்றி அணைத்து, தலையைச் சிறிதே உயர்த்தி, நாவின் பின்புறத்திற் குளிசையை இடுக. உலர்ந்த குளிசை உணவுக்குழாயிலே தங்கிப் புண்ணாக்கக் கூடுமாதலின், பின்னர் ஒரு தேக்கரண்டியளவு நீரை ஊசி நீக்கிய சிறிஞ்சினாற் கடைவாய் வழியே மெல்லமெல்ல ஊட்டுக. கசப்பினால் வாயில் நுரை தள்ளுவது சிறிது நேரத்தில் அடங்குமாயின் அஞ்சவேண்டியதில்லை. சிறிதளவு மீனில் மறைத்துக் கொடுப்பதும் நன்று. முழு உணவிலுங் கலப்பின் பூனை எவ்வளவு உண்டதென்பது தெரியாது. கொடுத்த நேரத்தையும் அளவையும் குறித்து வைத்தால், வீட்டில் இருவர் ஒரே வேளை மருந்தை இருமுறை கொடுக்கும் பிழை நேராது.

பூனை வாய் திறந்து மூச்சு வாங்குமாயின், அல்லது முகம் திடீரென வீங்குமாயின், குளிசையை நம்பியிருத்தல் தகாது. உடனே வைத்தியரை அடைதல் வேண்டும். செற்றிரிசின் போன்றவை எல்லாப் பூனைகளிலும் நற்பயன் தருவனவல்ல. அவை பயனளியாவிடத்து வைத்தியர் பிரெட்னிசலோன் முதலியவற்றை வழங்குவர். அம்மருந்தை நெடுங்காலம் கொடுத்தால் நீரிழிவு தோன்றக் கூடும். திடீரென நிறுத்துவதும் தீதே.

பூனை தன் நோயைச் சொல்லாது. மருந்தின் தீங்கையும் சொல்லாது. ஆதலின், அதனிடத்து அன்புடையோர் மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் அதன் நிறை, மருந்தின் பெயர், அதிற் கலந்துள்ள பொருள்கள், பூனைக்குரிய அளவு ஆகிய நான்கையும் தெளிந்து, மிருக வைத்தியரைக் கேட்டபின்னரே அதனைக் கொடுத்தல் கடனாகும்.